பம்பர் வெளுத்தால் வண்டி கிழமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வெளியே வந்தால், என் கார் வைப்பருக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். யார் வீட்டுக் கல்யாணமோ என்று எடுத்துப் பார்த்தேன்.

'பழைய கார்கள் எந்த நிலையில் இருந்தாலும் ஸ்கிராப்புக்கு வாங்கப்படும். நாங்களே வந்து எடுத்துச் செல்வோம்.'

சுற்றிப் பார்த்தேன். வரிசையாக நின்ற மற்ற கார்கள் எதிலும் காகிதம் இல்லை. என் வண்டிக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு!

"ரீட்டா, உன் வண்டிக்கு வரன் வந்திருக்கு" என்றார் எட்வின். எட்வின் என் கணவர். அன்றைய பிரசங்கத்தின்போதுகூட அவர் முகம் அவ்வளவு மலரவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வண்டியைத் தெரியும். சிவப்பு. சின்னது. பதினைந்து வயது. புதிதாக வந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். முப்பத்தொன்பது வயதில், அழுதுகொண்டே டிரைவிங் கற்றுக்கொண்டு, நான் வாங்கிய வண்டி அது. வாரம் முழுவதும் நான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு ஓட்டுகிறேன். சனிக்கிழமை ஆனால் காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெங்களூரின் மறுகோடியில், பொம்மசந்திராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போவேன். போக வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரம் 'என் கண்ணாடி எங்கே', 'இன்னைக்கு என்ன சாம்பார்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் உண்டு, வண்டி உண்டு.

சரி, ஸ்கிராப்காரர் கண்ணில் என் வண்டி மட்டும் ஏன் பட்டது?

நான்கடி தள்ளி நின்று பார்த்தேன். புரிந்துவிட்டது. சிவப்பு பெயின்ட் அப்படியே இருக்கிறது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் நாங்கள் வாங்கியது இருப்பதிலேயே விலை குறைந்த பேஸ் மாடல். அதில் பம்பரின் கீழ்ப்பகுதி, பக்கவாட்டுக் கண்ணாடியின் கூடு, கதவுக் கைப்பிடி, கதவில் ஓடும் பட்டை எல்லாமே பெயின்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக். கறுப்பாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. இப்போது அடுப்புச் சாம்பல் நிறம். மூலை முடுக்கில் எல்லாம், வாட்டர் வாஷ்காரர்கள் பூசிய வாக்ஸ் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடந்தது.

பெங்களூர் வெயில் மற்ற ஊர் வெயில் மாதிரி ஆளைப் போட்டு அடிக்காது. நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதன் குணம் தெரிய வேண்டுமா? பதினைந்து வருஷம் ரோட்டோரம் நின்ற வண்டியின் பம்பரைப் பாருங்கள்.

"பதினஞ்சு வருஷம் முடியுது. எஃப்.சி. வேற பண்ணணும். எதுக்கு இந்தத் தொல்லை? பெரிய ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு எடுத்துடலாம். நமக்கு ரெண்டு பேருக்கும்" என்றார் எட்வின்.

இந்த 'நமக்கு ரெண்டு பேருக்கும்' என்பதை இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டும் நமக்கு ரெண்டு பேருக்கும்தான். அது யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா? புது வண்டி வந்தால் சாவி யார் பாக்கெட்டில் இருக்கும், சனிக்கிழமை என்னை யார் பொம்மசந்திராவில் இறக்கிவிட்டு, 'சீக்கிரம் பேசி முடி' என்று வாசலில் நிற்பார் என்பதெல்லாம் அந்த நிமிஷமே என் கண் முன்னால் ஓடியது.

"என் வண்டியை நான் தர மாட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சர்ச் வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்வின் நியாயவாதி. ஒப்பந்தம் போட்டார். "ஒரே ஒரு தடவை எஃப்.சி.க்குக் கொண்டு போ. பாஸாச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். ஃபெயிலாச்சுன்னா…" என்று இழுத்து, அந்தத் துண்டுக் காகிதத்தை நாலாக மடித்து என் வண்டியின் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக வைத்தார்.

எஃப்.சி. என்றால் வண்டி இன்னும் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கும் சர்டிஃபிகேட். ஃபெயிலானால் சரி செய்துகொண்டு திரும்பப் போகலாம். கவர்ன்மென்ட் அனுமதிக்கிறது. என் வீட்டு ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை.

மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை தேதி கிடைத்தது. தேதி கிடைத்த மறுநாளே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக், லைட், ஹார்ன், டயர், புகை… எல்லாம் பார்த்து, "ஒண்ணும் குறையில்லை மேடம்" என்று கொடுத்துவிட்டார்.

ஆனால் எனக்கு அந்தச் சாம்பல் பம்பர் உறுத்திக்கொண்டே இருந்தது. நடந்து போன ஒரு ஸ்கிராப்காரருக்கே கிழட்டு வண்டியாகத் தெரிந்தது, இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? பார்த்தவுடனே 'இது தேறாது' என்று முடிவு கட்டிவிட்டால்?

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

கன்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வேலை உண்டு. வீட்டில் இருக்கிற எல்லா ஷூவுக்கும் பாலிஷ் போட்டு, வராந்தாவில் வரிசையாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால்தான் எங்களுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சனிக்கிழமை எட்வினின் ஷூ என் கையில் கண்ணாடி மாதிரி மின்னியது. கையில் பிரஷ், டப்பாவில் முக்கால்வாசிக் கறுப்பு பாலிஷ், எதிரே வெளுத்துப் போன பம்பர். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

முதலில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டேன். அதற்கு மேல் ஷூ பாலிஷ். பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். அடேயப்பா! பம்பரா அது? ஷோரூம் வண்டி தோற்றது.

மறுநாள் காலையில் லேசான தூறல். சர்ச் வாசலில் இறங்கிய எட்வின், ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைப் பார்த்து, பின் பம்பரில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாக முடிச்சுப் போட்டார். அன்றைக்குக் காணிக்கைப் பை எடுப்பது அவர் முறை. சந்தன நிற பேன்ட். வரிசை வரிசையாக, பையை நீட்டிக்கொண்டு முன்னால் போகிறார்… பின்னால் இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடை வரைக்கும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கறுப்புக் கோடு.

பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"எனக்குத் தெரியாம உன் வண்டியில என்னத்தைப் பூசின?" வீடு வரும்வரை இந்த ஒரே கேள்வி. அதற்குள் பம்பரில் ரோட்டுப் புழுதி முழுவதும் ஒட்டி, சாம்பல் நிறம் போய் செம்மண் நிறம் வந்திருந்தது.

புதன்கிழமை ஜே.சி. ரோடு போனேன். கார் சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ரோடு. அதில் ஒரு கடையில் அன்வர் பாய். பம்பரை விரலால் ஒரு தேய், விரலை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம்.

"தேங்காண்ணெய் போட்டீங்களாக்கா?"

"ஆமாம்."

"ஷூ பாலிஷ்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அரே அல்லா! எண்ணெயைத் தலைக்கு வைங்க, பாலிஷை ஷூவுக்குப் போடுங்க. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லி, இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். "இது போட்டா பளபளன்னு இருக்கும். முதல் மழையில போயிடும். இன்னொண்ணு பளபளப்பு கம்மி. ஆனா பிளாஸ்டிக் மேல தோல் மாதிரி பிடிச்சுக்கும், மழைக்கும் போகாது. ஒரே கண்டிஷன். அடியில அழுக்கோ எண்ணெயோ துளி இருந்தாலும் பிடிக்காது. கழுவுறதுதான்க்கா முக்கால்வாசி வேலை. பூசுறது சும்மா கால்வாசி."

இரண்டாவதையே வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், வாளி, தோட்டத்து பைப். நான் பூசிய எண்ணெயையும் பாலிஷையும் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நம் கைவேலையை நாமே சுரண்டி எடுப்பதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. பிறகு மூலைகளில் உறைந்த வாக்ஸ். பிறகு முன்பக்க கிரில். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, உள்ளே பீய்ச்சி அடித்தேன். பதினைந்து வருஷத்து மண் சாக்கடை மாதிரி வெளியே வந்தது. என்ன ஒரு திருப்தி! இன்னும் அடித்தேன்.

வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்தேன். சிவப்பு பெயின்ட்டில் படாமல் இருக்க ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். சின்ன ஸ்பாஞ்சில் நாலே நாலு சொட்டு விட்டு, மெல்லிசாக ஒரே திசையில் இழுத்தேன்.

சாம்பல் கண்ணுக்கு எதிரிலேயே கறுத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடு ரோட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. விரல் நகம் பத்தும் கறுப்பு. மறுநாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வைத்திருந்து, திங்கட்கிழமை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது. வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தேன். கறை இல்லை. எட்வின் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ம்… பரவாயில்லை" என்றார். சாயாமல் ஓரடி தள்ளியே நின்றார். பேன்ட் அனுபவம்.

அந்த வாரம் அவர் ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்தது. புதன்கிழமை என் வண்டியை எடுத்துக்கொண்டு போய் பாலும் பிரெட்டும் வாங்கி வந்தார்.

"வண்டி எப்படி?" என்றேன்.

"வண்டிக்கென்ன!" என்று சாவியை ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை பொம்மசந்திரா போனேன். அக்கா பம்பரைத் தடவித் தடவிப் பார்த்து, "மாத்திட்டியாடி?" என்று கேட்டாள். இதைவிட வேறு பரிசு வேண்டுமா?

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஹார்ன் அடிக்க மாட்டேன். கொள்கை. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நாற்பது நிமிஷம் நின்றாலும் அடிக்க மாட்டேன். குறுக்கே பைக் வந்தால் பிரேக் போடுவேன், மாடு வந்தால் காத்திருப்பேன். எட்வின் நேர் எதிர். காலி ரோட்டிலும் நூறு அடிக்கு ஒரு தடவை அடிக்காவிட்டால் அவருக்கு வண்டி ஓட்டிய மாதிரியே இருக்காது. "உங்களுக்கு வண்டியில முதல்ல தேய்ஞ்சு போறது ஹார்ன்தான்" என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஸ்கூட்டரில் மூன்று தடவை ஹார்னை அவரே கழற்றி மாட்டியிருக்கிறார். வேறு ஒரு பாகத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம். வேன்கள், ஆட்டோக்கள், நடுவில் என் சிவப்பு வண்டி. பக்கத்து சீட்டில் எட்வின், வெள்ளைச் சட்டையில். "நானும் வர்றேன், முடிவு தெரியணுமில்ல?" என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். "லைட் ஹாகி" என்றார். போட்டேன். இண்டிகேட்டர், வைப்பர், சீட் பெல்ட்… எல்லாம் டிக், டிக், டிக். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "சார், இந்த பிளாஸ்டிக் எல்லாம் சாம்பலா இருந்தது. நானே என் கையால கறுப்பாக்கினேன்" என்று பம்பரைக் காட்டினேன். இன்னும் கறுப்பு போகாத நகங்களையும் சேர்த்துத்தான்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஹார்ன் மாடி மேடம்."

அழுத்தினேன்.

சத்தம் இல்லை. சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இரண்டு கையாலும் அழுத்தினேன். ஊஹூம். பெங்களூரில் கோடி ஹார்ன் இருக்கிறது… என்னிடம் ஒன்று இல்லை!

"ஹார்ன் இல்வா?" என்று இன்ஸ்பெக்டர் பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார்.

கிரில்லுக்குள் நான் பீய்ச்சிப் பீய்ச்சி அடித்த தண்ணீர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹார்ன் அந்த கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பத்து நாளாக அது ஊமை. பத்து நாளாக நான் அதைத் தொடவே இல்லை. பம்பரைக் கழுவிக் கழுவி, நானே என் வண்டியை ஸ்கிராப்புக்கு அனுப்பிவிட்டேன்.

"சார், ஹத்து நிமிஷா கொடி" என்று பத்து நிமிஷம் கேட்டது ஒரு குரல். எட்வின்!

இன்ஸ்பெக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "பேக, பேக" என்று வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அடுத்த வேனுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் சீக்கிரம் முடியுங்கள் என்று அர்த்தம்.

ஓரம் கட்டினேன். எட்வின் டேஷ்போர்டைத் திறந்தார். அந்த நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

இப்போதேவா? இங்கேயிருந்தேவா ஸ்கிராப்காரருக்குப் போன் செய்யப் போகிறார்? கல் நெஞ்சமய்யா உமக்கு என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் முன்பக்கம் போய் பானட்டைத் திறந்தார்.

"அண்ணா, பன்னெண்டு நம்பர் ஸ்பேனர் இருக்குமா?" என்று பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டார். அவர் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இறங்கி நின்ற என்னிடம், "பம்பர் சூப்பரா இருக்கும்மா, ஹார்னைப் பார்க்கலையா?" என்று வேறு விசாரித்தார்.

எட்வின் வெள்ளைச் சட்டையோடு வயிறு முழுக்க பம்பரில் படிய உள்ளே குனிந்தார். திருகினார், முக்கினார், திட்டினார். கையில் வந்த ஹார்னைக் கவிழ்த்தார். அரை டம்ளர் செம்மண் தண்ணீர் கொட்டியது. உதறி, ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டி, அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிரித்து, ஒயர் மாட்டும் இடத்தைத் துடைத்தார். முதலில் ஒரு பக்கம். பிறகு திருப்பி மறுபக்கம். பிறகு கசக்கித் தூரப் போட்டார்.

"இப்ப அடி."

அடித்தேன். தொண்டை கட்டிய ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி அடித்தேன். இருமியது. மூன்றாவது தடவை அழுத்திப் பிடித்தேன் பாருங்கள்… மைதானமே திரும்பியது. எனக்கு விடவே மனசில்லை. பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து அடித்தேன்.

"சாகு, சாகு மேடம்!" மூன்று வண்டி தள்ளி நின்ற இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். போதுமாம். டிக்.

எட்வின் நிமிர்ந்து கையைத் துடைத்தார். நான் அவர் சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அன்வர் பாய் வாழ்க!

திரும்பி வரும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது எட்வின் கனைத்தார்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஹார்ன் அடிக்கலைன்னு. பால் வாங்கப் போனேன்ல? தெரு முனையிலயே அடிச்சுப் பார்த்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ சரி பண்ணியிருப்பே."

எவ்வளவு யோக்கியமான பதில்! இருபத்தாறு வருஷத்துக் குடித்தனம். திட்டுவதற்கு இரண்டு மொழியில் வார்த்தை தேடினேன்.

"அப்புறம் எதுக்கு நீங்களே இறங்கிச் சரி பண்ணினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஆள்கிட்ட நகத்தைக் காட்டி, 'நானே பண்ணினேன்'னு சொன்னே இல்ல? அவன் திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்கு ஒரு மாதிரியாயிடுச்சு."

சிக்னல் பச்சையானது. எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத்தான் நான் கிளம்பினேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. ஊர் பார்க்கிற பம்பரைத்தான் நாம் மாய்ந்து மாய்ந்து கறுப்பாக்குகிறோம். பார்க்க வேண்டியவர் அதைப் பார்ப்பதே இல்லை. அப்புறம், ஹார்ன் அடிக்காமல் ஓட்டுகிறேன் என்று இத்தனை நாள் பெருமை பேசினேனே… அடிக்காமல் இருப்பது வேறு, அடிக்க முடியாமல் போவது வேறு. முதலாவதைக் கொள்கை என்று சொல்லலாம். இரண்டாவதற்கு எஃப்.சி. கிடைக்காது.

வண்டிக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆயுசு. எட்வின் சொன்ன சொல் தவற மாட்டார், இதுவரை வாயைத் திறக்கவில்லை. பம்பர் கறுப்பாகவே இருக்கிறது. நானும் கொள்கையில் சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன். தினமும் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, வண்டியை எடுத்ததும் ஒரே ஒரு ஹார்ன். நீளமாக.

ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மேலே பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருப்பவருக்குக் கேட்டால் போதும்.